பேச்சாயி வாங்கிய தொண்ணூற்றொன்று

14.7.2003, திங்கள்

ஒன்பதாவது வாக்கியம் இன்றும் முடியவில்லை.

மொத்தம் இருபத்தேழு வாக்கியங்கள். போட்டி தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது, விளையாடப் போகிறவர் கையில் தாளைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் எண் போடச் சொல்ல வேண்டும். இல்லவே இல்லை என்றால் ஒன்று, ரொம்ப அதிகம் என்றால் நான்கு. கூட்டிப் பார்த்தால் அவருடைய பதற்றம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். அப்படித்தான் புத்தகத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழாக்குவது என் எம்.ஃபில். ஆய்வில் முதல் வேலை.

ஒன்பதாவதுக்கு 'படபடப்பு' என்று எழுதிக் கொண்டுபோனேன். வழிகாட்டி கமர்ஜஹான் மேடம் அடித்துவிட்டார்கள். "அது நெஞ்சுவலிக்காரங்க டாக்டர்கிட்ட சொல்றதும்மா." 'பரபரப்பு' என்றேன். "அது பத்திரிகைக்காரங்க எழுதுறது." கடைசியில் 'என் உடம்பு நடுங்குகிறது' என்பதில் வந்து நின்றோம். மேடத்துக்கும் திருப்தியில்லை, எனக்கும் இல்லை.

மதுரையிலிருந்து வரும் வழியெல்லாம் பேருந்தில் ஒரே யோசனை. உடற்கல்வி படித்தவர்கள் என்னை விசிலை விட்டுவிட்டுப் போனவள் என்கிறார்கள். உளவியல் துறையில் இருப்பவர்களுக்கு நான் விசில்காரி. இரண்டு வருடம் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்துவிட்டு எதற்காக இதில் வந்து விழுந்தேன்?

அம்மா சாப்பாடு வைக்கும்போது கேட்டது. "ஏன்டி ராணி, இதப் படிச்சு முடிச்சா நீ வெளையாட்டு சொல்லித்தருவியா, பைத்தியத்துக்கு மருந்து குடுப்பியா?" ரெண்டும் இல்லம்மா என்றேன். "பெறகு?" என்றது. குழம்பு ஊற்றும்மா என்றேன்.

2.8.2003

எங்கள் ஊர் மலைக்கோட்டைப் பக்கத்து மைதானத்தில் பெண்கள் கபடிக் குழுவைப் பார்த்தேன். பதினான்கு பேர். பயிற்சியாளர் மொக்கைச்சாமி சார் நூல் மில்லில் வேலை பார்க்கிறார். காலை ஷிஃப்ட் முடிந்ததும் சைக்கிளில் நேராக இங்கே வந்துவிடுகிறார். சொந்தக் காசில் பிள்ளைகளுக்குச் சுண்டல் வாங்கிக்கொண்டு வருகிறார். நல்ல மனுஷன்.

"மனசுக்குள்ள இருக்கிறத எண்ணு போட்டு அளக்கலாமாம்மா?" என்று கேட்டார். கேலியாக இல்லை, உண்மையாகவே.

அளக்கலாம் சார் என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன்.

23.8.2003, சனி

வத்தலக்குண்டில் மாவட்டப் போட்டி. ஒரு வேப்பமரத்தடியில் பதினான்கு பேரையும் உட்காரவைத்துத் தாளைக் கொடுத்தேன். "உள்ளத உள்ளபடி போடுங்க. யாரும் பாக்க மாட்டாங்க" என்றேன்.

எல்லாரும் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். ஒருத்தி மட்டும் பென்சிலைக் கடித்துக்கொண்டே இருந்தாள். பேச்சாயி. சேவுகம்பட்டிப் பெண், பத்தொன்பது வயது. மெலிந்த கால், நீளமான கை. குழுவில் அதிகம் ரெய்டு போகிறவள் அவள்தான்.

"அக்கா, இத சார் பாப்பாரா?"

"பாக்க மாட்டார்."

"உங்க காலேஜ்ல?"

"அங்க பேரே கெடையாது. நம்பர் மட்டுந்தான்."

அதன் பிறகுதான் எழுதினாள். ஒவ்வொரு வாக்கியத்தையும் வாயசைத்துப் படித்து, கண்ணை மூடி, தனக்குள் எட்டிப் பார்ப்பது மாதிரி யோசித்து.

24.8.2003

கூட்டிப் பார்த்தேன். பதின்மூன்று பேர் முப்பத்தைந்துக்கும் ஐம்பத்தெட்டுக்கும் நடுவில் இருக்கிறார்கள். பேச்சாயி தொண்ணூற்றொன்று. தவறாகக் கூட்டிவிட்டேனோ என்று மூன்று முறை பார்த்தேன். இல்லை. ஒன்பதாவது வாக்கியத்துக்கு நான்கு. அழுத்திப் போட்டதில் பென்சில் முனை தாளைக் கிழித்திருக்கிறது.

சரி. ஆனால் நேற்றைய ஆட்டத்தில் அதிகப் புள்ளி எடுத்தவள் யார்? அதே பேச்சாயி. பன்னிரண்டு.

பதற்றம் கூடினால் ஆட்டம் கெடும் என்பதுதானே என் ஆய்வின் கருதுகோள். அப்படியானால் இவளை எங்கே வைப்பது?

26.8.2003

மேடத்திடம் கேட்டேன். "கூட்டத்துல ஒருத்தர் அப்படி இருப்பாங்க. இன்னும் நெறையாப் பேர எடு, சரியாயிடும்." சரியாகிவிடும் என்றால் என்ன? அவள் சரியாவாளா, என் கணக்கு சரியாகுமா?

11.9.2003

பயிற்சி முடிந்து பேருந்துக்கு நின்றபோது பேச்சாயி தானாகப் பேசினாள். அப்பா இல்லை. அண்ணன் கருப்பணன்தான் எல்லாம். தை மாதம் அவளுக்குக் கல்யாணம் என்று பேச்சு நடக்கிறது. டிசம்பரில் நாமக்கல்லில் மாநிலப் போட்டி. அரசுத் துறை அணிகளுக்கு ஆள் எடுக்கிறவர்கள் வருவார்கள். அதில் எடுபட்டால் வேலை, கல்யாணம் தள்ளிப்போகும்.

"எடுபடாட்டி?"

"தை மாசந்தான்" என்றாள். யாருக்கோ நடப்பதைச் சொல்வது போல.

பிறகு அவள் கேட்டாள். "நீங்க என்ன வெளையாண்டீங்க அக்கா?" எண்ணூறு மீட்டர் என்றேன். ஏன் விட்டுவிட்டீர்கள் என்றாள். கால் பிடித்துக்கொண்டது என்றேன். ஆறு வருடமாக எல்லாரிடமும் சொல்வது அதுதான். திருச்சிப் போட்டியில் தொடக்கக் கோட்டில் நின்றபோது கை நடுங்கியது. தொடை நடுங்கியது. துப்பாக்கி வெடிப்பதற்கு முன்பே நான் கோட்டை விட்டு இறங்கிவிட்டேன். கால் பிடிக்கவே இல்லை.

எதற்காக இந்தப் படிப்பில் வந்து விழுந்தேன் என்பதற்குப் பதில் இதுவாக இருக்குமோ? இதை ஆய்வறிக்கையின் முன்னுரையில் எழுத முடியாது.

17.10.2003, வெள்ளி

மொக்கைச்சாமி சார் இன்று தனியாகக் கூப்பிட்டார். நாமக்கல்லுக்கு முதல் ஏழு பேரை முடிவு பண்ண வேண்டுமாம்.

"அந்த மார்க்கக் கொஞ்சம் காட்டுங்கம்மா. நீங்க இம்புட்டு நாளா வாரீங்க, எங்களுக்கும் ஏதாச்சும் பிரயோசனம் வேணும்ல."

அவர் கேட்டது நியாயமாகத்தான் இருந்தது. இரண்டு மாதமாக அவருடைய நேரத்தை எடுத்திருக்கிறேன். நோட்டை நீட்டினேன். பெயர்ப் பட்டியலும் எண்களும் அடுத்தடுத்த பக்கத்தில்.

"பேச்சாயி தொண்ணூத்தொண்ணா? நல்ல மார்க்காச்சே."

"இல்ல சார். இதுல கூடுனா பயம் கூடன்னு அர்த்தம்."

அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னது நான். அவர் முகத்தில் ஏதோ மாறியது. நோட்டைத் திருப்பிக் கொடுத்து, "நல்லவேளை சொன்னீங்க" என்றார்.

ஒரு பயிற்சியாளருக்கு உதவினேன். அவ்வளவுதானே? விளையாட்டு உளவியல் என்பதே அதற்குத்தானே?

18.10.2003

யாரும் பார்க்க மாட்டார்கள் என்று சொல்லியிருந்தேன்.

6.12.2003, சனி – நாமக்கல்

பேச்சாயி முதல் ஏழில் இல்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஏன் என்று அவளுக்குத் தெரியாது. சாரிடம் போய்க் கேட்டிருக்கிறாள். "ஒனக்கு இன்னும் பக்குவம் வரணும்" என்றாராம்.

காலிறுதியில் ஜெயித்தோம். சார் என் பக்கம் திரும்பித் தலையாட்டினார். "பாத்தீங்களா, ஒங்க பேப்பர் கரெக்ட்டு." நானும் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

அரையிறுதியில் தோற்றோம், நான்கு புள்ளியில். கடைசி ஐந்து நிமிடம் பேச்சாயியை இறக்கினார். மூன்று ரெய்டு, மூன்று புள்ளி. அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. நம் பிள்ளைகளில் இரண்டு பேரை ஆள் எடுப்பவர்கள் கூப்பிட்டுப் பேசினார்கள். அந்த இரண்டு பேரில் இவள் இல்லை.

அவளை முதலிலேயே இறக்கியிருந்தால் ஜெயித்திருப்போமா? இறக்கியும் தோற்றிருப்போமா? மூன்று ரெய்டை வைத்து எதையும் சொல்ல முடியாது என்று புள்ளியியல் சொல்கிறது. எனக்குப் புள்ளியியல் பேச வரவில்லை.

13.12.2003

ஒரு வாரமாகப் பேச்சாயி பயிற்சிக்கு வரவில்லை.

17.12.2003

இன்றும் வரவில்லை. சார், "வீட்ல கல்யாண வேலையா இருக்கும்" என்றார். ஆய்வுக்கு இன்னொரு பள்ளியில் தாள் கொடுக்க வேண்டிய நாள். பையில் கட்டு கட்டாகத் தாள்களோடு வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

21.12.2003, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து நேராகச் சேவுகம்பட்டிக்குப் போனேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். அண்ணன் கருப்பணன் மோட்டார் பம்பைப் பிரித்துப் போட்டுச் சரிபண்ணிக்கொண்டிருந்தார். யாரென்று சொன்னதும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலி எடுத்துப் போட்டார். அந்த மரியாதையே எனக்குப் பயமாக இருந்தது.

"நீங்கதானா அது? சார் சொன்னாரு. பெரிய படிப்புப் படிக்கிற பொண்ணே பரிச்சை வச்சுப் பாத்துட்டாங்க, ஒந்தங்கச்சிக்கு நெஞ்சுல தைரியம் பத்தலன்னு. நானும் ஆசைப்பட்டேன், ஒரு வேலைக்குப் போயிரும்னு. இல்லைன்னு ஆயிப்போச்சு. பெறகு எதுக்கு அதப் போட்டு இழுத்துக்கிட்டு? தையிலயே முடிச்சுரலாம்னு இருக்கோம்."

பேச்சாயி எங்கே என்று மட்டும் கேட்டேன்.

பேச்சாயி தோட்டத்தில் தக்காளி பறித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தாள், சிரிக்கவில்லை. அப்போதே அவளுக்குத் தெரியும் என்று தெரிந்துவிட்டது. இருந்தாலும் நானே சொல்ல வேண்டும். சொன்னேன். நோட்டை நீட்டியது, அவர் கேட்டது, நான் சொன்னது, எல்லாம்.

கையிலிருந்த தக்காளியைக் கூடையில் போட்டாள்.

"நாலு போட்டது தப்பா அக்கா?"

"தப்பில்ல."

"உள்ளத போடச் சொன்னீங்க. போட்டேன். மத்தவளுக எல்லாம் ஒண்ணு, ரெண்டுன்னு போட்டாளுக. சார் பாத்தாலும் பாப்பாருன்னு அவளுகளுக்குத் தெரியும். நாந்தான் நம்புனேன்."

அடுத்த செடிக்கு நகர்ந்தாள்.

"நடுக்கம் இருக்கான்னு கேட்டிருந்துச்சு. இருக்கு. நடுங்குனாத்தான் எனக்குப் பாடிக்கிட்டுப் போகவே வரும். நடுங்காத அன்னைக்கு ஒடம்பு கட்டை மாதிரிக் கெடக்கும், ஒரு பாயிண்டு எடுத்ததில்ல. அது பயமா? எனக்குத் தெரியல. நீங்கதான படிச்சவங்க."

எனக்கும் தெரியலயே. ஆறு வருசமா தெரியல. திருச்சியில கால் நடுங்குனப்ப பயம்னு நானே பேரு வச்சு நானே எறங்கிட்டேன். இவ அதே நடுக்கத்தோட கோட்டத் தாண்டிப் போயிருக்கா. ரெண்டு பேரும் தாள்ல நாலுதான் போட்டிருப்போம். அப்ப இந்த நாலுக்கு என்னதான் அர்த்தம்?

"அந்தத் தாள எங்கிட்டக் குடுத்துருங்க" என்றாள்.

பையில்தான் இருந்தது. கொடுத்தேன். நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடி குனிந்து பறிக்கத் தொடங்கினாள்.

திரும்ப வீட்டுக்கு வந்து கருப்பணனிடம், நான் தப்பாகப் படித்துவிட்டேன், அந்த எண்ணுக்கு அப்படிப் பொருள் இல்லை என்றேன்.

"படிச்சவுகளே தப்பாப் படிச்சா நாங்க யாரக் கேக்குறது?" கோபமாகக்கூட கேட்கவில்லை. "வாயில சொன்னா யாரு கேப்பா. எழுதிக் குடுங்க. மாப்ள வீட்ல சொல்லணும்ல, சாருட்டயும் காட்டணும்ல."

நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினேன். 'பேச்சாயி எழுதிய விடைகளை வைத்து அவருக்குத் தைரியம் இல்லை என்று சொல்ல முடியாது. நான் சொன்னது தவறு. சகாயராணி.' தேதி போட்டேன்.

இப்போது வீட்டில் உட்கார்ந்து யோசிக்கிறேன். அவளுக்குத் தைரியம் இல்லை என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. இருக்கிறது என்று சொல்லவும் இல்லை. கையெழுத்துப் போட்டது ஆய்வாளரா, குற்றவாளியா?

22.12.2003

மொக்கைச்சாமி சாரைப் போய்ப் பார்த்தேன். மில் கேட்டில் வைத்தே சொன்னேன்.

"அப்ப ஒங்க பேப்பரு பொய்யா?"

"பேப்பர் பொய்யில்ல சார். அத வச்சு நான் சொன்னதுதான்."

"ரெண்டும் ஒண்ணுதானம்மா." சைக்கிள் பூட்டைத் திறந்தவர் அப்படியே நின்றார். "இத்தன வருசமா எங்கண்ணால பாத்து டீம் போட்டேன். அவ நல்லா ஆடுறத என் கண்ணு பாத்துச்சு. ஒங்க நோட்டப் பாத்ததும் என் கண்ணையே நம்பாமப் போயிட்டேன் பாருங்க."

பிப்ரவரியில் இன்னொரு தேர்வு இருக்கிறதாம், மதுரையில். "அண்ணங்காரன் விட்டா வரச்சொல்லுங்க" என்றார். நீங்களே சொல்லுங்கள் சார் என்றேன். என் பேச்சை இனி அங்கே யார் கேட்பார்கள்?

5.1.2004

மேடத்திடம் இன்றுதான் சொல்லத் துணிந்தேன். முதலில் பேச்சாயி சொன்னதைச் சொன்னேன். பெரிதாக எதையோ கண்டுபிடித்துவிட்ட மாதிரி.

"இது புதுசில்லம்மா. பதட்டம் எவ்வளவுன்னு மட்டும் கேட்டாப் போதாது, அது உதவுதா கெடுக்குதான்னும் கேக்கணும்னு வெளிநாட்டுல பத்து வருஷத்துக்கு முன்னாடியே எழுதிட்டாங்க. நீ தொண்ணூறாம் வருஷம் வரைக்குமுள்ள கட்டுரையத்தான ஜெராக்ஸ் எடுத்து வச்சிருக்க."

பிறகுதான் மீதியைச் சொன்னேன். மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்கள். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஆய்வுல இருந்து அந்தப் பதினாலு பேரையும் எடுத்துரு. அந்தப் பிள்ளைங்க உன்னை நம்பிக் குடுத்தது. அந்த நம்பிக்கை இப்ப இல்ல. அத வச்சு நீ பட்டம் வாங்கக் கூடாது."

"அப்ப நான் இந்த வருஷம் முடிக்க முடியாதே மேடம்."

"முடியாது" என்றார்கள். கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டு, "எம்மேலயும் தப்பு இருக்கு. பேரையும் நம்பரையும் ஒரே நோட்டுல வைக்காதன்னு நான் உனக்குச் சொல்லியிருக்கணும்."

9.1.2004

விட்டுவிடலாமா? பழைய பள்ளியில் கேட்டால் மறுபடி எடுத்துக்கொள்வார்கள். காலையில் விசில், மாலையில் வீடு. யாருடைய மனதுக்குள்ளும் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, "கெடுத்துப்புட்டு வந்து பாதில விட்டா, கெடுத்தது மட்டுந்தானடி மிஞ்சும்" என்றது. என்ன நடந்தது என்று நான் முழுதாகச் சொல்லவே இல்லை. எப்படித் தெரிந்தது?

28.1.2004

தை பிறந்து இரண்டு வாரம். கல்யாணம் என்று தகவல் இல்லை. கல்யாணம் இல்லை என்றும் தகவல் இல்லை. போய்க் கேட்க எனக்கு என்ன உரிமை?

14.2.2004, சனி – மதுரை

வந்திருந்தாள். கருப்பணனும் கூட வந்திருந்தார், வெள்ளைச் சட்டை போட்டு, ஓரமாக நின்றுகொண்டு. என்னைக் கண்டதும் வணக்கம் வைத்தார். "ஒரு வருசம் தள்ளிப் போட்டிருக்கோம். மாப்ள வீட்ல மொணங்குறாங்க. பாப்போம்." நான் எழுதிக் கொடுத்த தாள் காரணமா, சார் போய்ப் பேசியது காரணமா, அவள் அழுதது காரணமா, சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். முதல் ரெய்டில் மாட்டிக்கொண்டாள். காலைப் பிடித்து இழுத்துக் கவிழ்த்தார்கள். அடுத்த தடவை உள்ளே வந்தபோது இரண்டு பேரைத் தொட்டுவிட்டு வந்தாள். அதற்கப்புறம் ஒன்று. பிறகு வெறுங்கையோடு. மோசமில்லை, பிரமாதமும் இல்லை. அவள் முகத்தைப் பார்த்து உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள முயன்றேன். நான் ஒரு வருடம் விளையாட்டு உளவியல் படித்தவள். ஒன்றும் தெரியவில்லை.

பட்டியலில் பதிலி ஆட்டக்காரர்களில் இரண்டாவது பெயராக வந்திருக்கிறது. யாராவது விலகினால் கூப்பிடுவார்களாம்.

கிளம்பும்போது என்னைக் கடந்து போனாள். "சாப்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை.

3.5.2004

கேள்வித்தாளைப் புதிதாக எழுதி முடித்தேன். ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பக்கத்திலும் இன்னொரு கட்டம்: 'இது உங்கள் ஆட்டத்துக்கு உதவுகிறதா, கெடுக்கிறதா, தெரியவில்லையா?' 'தெரியவில்லை' என்பதைச் சேர்க்க மேடத்தோடு ஒரு மணி நேரம் வாதாட வேண்டியிருந்தது. "அதுக்கு எப்படி மார்க் போடுவ?" என்றார்கள். போட வேண்டாம் மேடம் என்றேன். கடைசியில், "சரி, இருக்கட்டும்" என்றார்கள்.

19.8.2004

புதுத் தாள் எழுதுன பிள்ளைகள்ல ஒரு பொண்ணு எல்லாத்துக்கும் 'தெரியவில்லை'ன்னே போட்டிருக்கா. இருபத்தேழுக்கும். சிரிப்பு வந்தது. பிறகு ரொம்ப நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

4.12.2004, சனி

ரெட்டியார்சத்திரத்தில் பள்ளிகளுக்கிடையிலான போட்டி. நாற்பத்திரண்டு பேரிடம் தாள் வாங்கினேன். பெயர்ப் பட்டியல் மேடத்தின் அலமாரியில் பூட்டியிருக்கிறது, என்னிடம் எண்கள் மட்டும். இன்னும் பதினெட்டுப் பேர். பங்குனிக்குள் அறிக்கையைக் கொடுத்துவிடலாம். பள்ளியில் விசில் ஊதியிருந்தால் இதற்குள் சம்பளம் கூடியிருக்கும் என்று அம்மா சொல்வதில்லை. நான்தான் அவ்வப்போது நினைத்துக்கொள்கிறேன்.

ஒரு பள்ளியின் பி.டி. சார் வந்து, "எங்க பிள்ளைக எப்படி எழுதியிருக்காங்கன்னு லேசா சொல்லுங்களேன்" என்றார். முடியாது சார் என்றேன். "அப்ப எதுக்கு நாங்க ஒத்துழைக்கணும்?" அடுத்த முறை அவர் தன் பிள்ளைகளை அனுப்பமாட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறதே என்று இப்போதும் எனக்குள் ஒரு குரல் சொல்கிறது.

மொக்கைச்சாமி சார் நடுவராக வந்திருந்தார். இடைவேளையில் என் பக்கத்தில் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பேச்சாயியை ஐப்பசியில் சென்னைக்குக் கூப்பிட்டுவிட்டார்களாம். அணியில் ஒருத்தி விலகினாளாம், முதல் பதிலிக்கு முட்டியில் அடியாம், இவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. தங்க இடம், சாப்பாடு, ஒரு வருட ஒப்பந்தம். அண்ணன்தான் கொண்டுபோய் விட்டுவந்தாராம்.

"லெட்டர் போட்டிருக்கா. ரெண்டு பக்கம். நம்ம பிள்ளைக ஒவ்வொருத்தியாப் பேர் சொல்லி விசாரிச்சிருக்கா. சுண்டல் கெடைக்கலையாம் அங்க."

"நல்லா இருக்காளா சார்?"

"நல்லா இருக்கேன்னுதான் எழுதியிருக்கா."

கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

"என்னப் பத்தி ஏதாச்சும் கேட்டிருந்தாளா?"

சார் விசிலைக் கையில் எடுத்து உருட்டினார். பொய் சொல்லலாமா என்று யோசித்தார் போலிருக்கிறது.

"இல்லம்மா" என்றார். "கேக்கல."

சரி சார் என்றேன். விசில் சத்தம் கேட்டது. அடுத்த ஆட்டத்துக்குப் பிள்ளைகள் வரிசையாக உள்ளே வந்தார்கள். சார் எழுந்து போனார். நான் பென்சில்களை எண்ணி எடுத்து வைத்துவிட்டு, ஆட்டம் முடியும்வரை உட்கார்ந்து பார்த்தேன்.